தன்னார்வ மீட்புக் குழு என்றால் என்ன? சம்பளம் இல்லாமல் எப்படி நடக்கிறது?

கடலிலோ மலையிலோ சிக்கியவர்களைத் தேடி மீட்கப் பயிற்சி பெற்று, சம்பளம் வாங்காமல் அதைச் செய்கிறவர்களின் அணிதான் இது. தென்னாப்பிரிக்காவில் கடலுக்கு என்.எஸ்.ஆர்.ஐ. (தேசியக் கடல் மீட்பு நிறுவனம்) இருக்கிறது. 1966இல் ஸ்டில்பாய் என்ற கடலோர ஊர் அருகே 17 மீனவர்கள் மூழ்கி இறந்தார்கள். அதன் விளைவாக 1967இல் இந்த அமைப்பு தொடங்கியது. டர்பனிலும் நிலையம் உண்டு. டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில் மலையேற்றச் சங்கத்தினர் உதவுகிறார்கள்.

ஏன் தன்னார்வலர்கள்? கடற்கரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விபத்து எங்கே, எப்போது என்று யாருக்கும் தெரியாது. எல்லா இடத்திலும் சம்பள ஆட்களை வைத்தால் பல நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நம் கோயில் காவடிக்குச் சமைக்க வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள்: மற்ற நாளில் ஆசிரியர், கடைக்காரர், அன்றைக்கு அண்டாவை யார் தூக்குவது என்று சொல்லவே வேண்டாம். அந்தப் பழக்கம் வரத்தான் விடாமல் பயிற்சி. படகுக்கும் எரிபொருளுக்கும் பெரும்பாலும் நன்கொடை.

தேடுவது கண்போன போக்கில் அல்ல. கடைசியாகப் பார்த்த இடம், நேரம், காற்று, நீரோட்டம் நான்கையும் வைத்து ஆள் எங்கே மிதந்து போயிருப்பார் என்று கணக்கிடுவார்கள். நம் கரையோரம் அகுலாஸ் நீரோட்டம் தென்மேற்கே இழுக்கும். தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் தேட வேண்டிய பரப்பு பெருகும்.

(கடற்கரைக் கம்பத்தில், மூழ்குகிறவருக்கு உதவத் தொங்கும் இளஞ்சிவப்பு மிதவையும் என்.எஸ்.ஆர்.ஐ. வைத்ததுதான். தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.)

காணாமல்போனவரைப் பற்றிச் சொல்ல 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே அப்படி விதியே இல்லை, உடனே போலீசுக்குச் சொல்லலாம்.