ஏசியை ஆன்லைனில் வாங்கினால் கம்பெனி சர்வீஸ் வராதா?

கேள்வி: பட்டுக்கோட்டையில் மாடியோடு கூடிய சொந்த வீடு. கீழ்த்தளத்தில் 12-க்கு 14 அடி அறையில் இருக்கும் 80 வயது மாமியாருக்காக முதல்முறையாக ஏசி வாங்குகிறோம். 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, அதே மாடல், எங்கள் ஊர்க் கடையைவிட ஆன்லைனில் 5,500 ரூபாய் குறைவு. கடைக்காரரோ, "ஆன்லைனில் வாங்கினால் கம்பெனிக்காரன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான், வாரண்டி செல்லாது" என்கிறார். உண்மையா? சந்தில் அனல் அடித்தால் பக்கத்து வீட்டோடு சண்டை வரும் என்பதால் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் வைக்கலாம் என்று இருக்கிறோம்.

பதில்: கடைக்காரர் சொன்னது சரியில்லை. வாரண்டி தருவது கடை கிடையாது, ஏசியைத் தயாரித்த கம்பெனி. யூனிட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும், ஜிஎஸ்டி எண்ணோடு உங்கள் பெயரில் போட்ட பில்லும்தான் அவர்களுக்கு வேண்டும். சர்வீஸுக்கு வருகிற ஆளும் பெரும்பாலும் ஒருவர்தான். உங்கள் பகுதியில் அந்தக் கம்பெனியின் வேலையை எடுத்துச் செய்யும் ஏஜென்சியிலிருந்து கடை ஏசிக்கும் அவரே வருவார், ஆன்லைன் ஏசிக்கும் அவரே வருவார்.

ஆனால் ஆன்லைன் தளம் ஒரு சந்தை மாதிரி. தளத்தின் பெயர் பெரிதாக இருக்கும், விற்பவர் வேறு யாரோவாக இருப்பார். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விற்பனையாளர் பெயரைப் பாருங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு போன் செய்து, "இவர் உங்கள் விற்பனையாளர்தானா, இவர் பில்லுக்கு வாரண்டி உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

இதைவிட நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. ஏசி என்பது ஃபிரிட்ஜ் மாதிரி கொண்டுவந்து வைத்து பிளக்கைச் சொருகும் பொருள் இல்லை. பாதி வேலை தொழிற்சாலையில் நடக்கிறது, மீதிப் பாதி உங்கள் வீட்டுச் சுவரில் நடக்கிறது. எங்கே வாங்கினாலும் பெட்டிக்குள் இருப்பது ஒன்றுதான். மாட்டுகிறவர் எப்படி மாட்டுகிறார் என்பதில்தான் அந்த ஏசியின் ஆயுள் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் பையன்களைக் குறை சொல்லி எனக்கு மனம் வராது. கம்பெனி சட்டை போட்டிருப்பார்கள், ஆனால் பெரும்பாலோர் கம்பெனி ஊழியர் இல்லை. ஏஜென்சிக்காரர் ஒரு ஏசிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஏறினால்தான் அவர்களுக்குக் கட்டும். பத்து வருட கம்ப்ரஸர் வாரண்டி என்று பக்கம் பக்கமாக விளம்பரம் செய்யும் கம்பெனிகள், அந்த கம்ப்ரஸரைக் காப்பாற்றும் ஒரு மணி நேர வேலைக்கு ஒழுங்கான கூலி கொடுக்க மாட்டேன் என்கின்றன. இருபது வருடமாக இதே கதையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அவசரத்தில் முதலில் விட்டுப்போவது வேக்கம். இண்டோர் யூனிட்டையும் அவுட்டோர் யூனிட்டையும் காப்பர் பைப்பால் இணைத்த பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் ஒரு பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். குறைந்தது இருபது நிமிடமாவது பம்ப் ஓட வேண்டும். இதைச் செய்யாமல், அவுட்டோரில் நிரப்பி வரும் குளிரூட்டும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு அந்த வேகத்திலேயே காற்றைத் தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. அன்றைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக கம்ப்ரஸரை அரிக்கும். இப்போது பல மாடல்களில் வரும் ஆர் 32 கேஸ் லேசாகத் தீப்பற்றும் தன்மை உள்ளது, அதை வீட்டுக்குள் இப்படித் திறந்துவிடவே கூடாது. ஆகவே மெக்கானிக் வாசலில் நிற்கும்போதே கேளுங்கள்: "தம்பி, வேக்கம் பம்ப் கொண்டு வந்திருக்கீங்களா?" இல்லை என்றால், எடுத்து வந்த பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். டீ போட்டுக் கொடுத்து, அந்த இருபது நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுத்தது "கேஸ் கம்மியா இருக்கு, அடிக்கணும்" என்ற வசனம். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏசி கேஸ் ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். நான் பார்த்த ஒரு வீட்டில் மூன்று கோடையாக, வருடம் தவறாமல் மூவாயிரம் ரூபாய் கொடுத்து கேஸ் அடித்திருந்தார்கள். பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃபிளேர் நட்டில் சோப்பு நுரை தடவினேன். முட்டை முட்டையாகக் குமிழ் வந்தது. பைப்பின் வாயை மறுபடி விரித்து நட்டை முடுக்கியதோடு தீர்ந்தது. யார் வந்து கேஸ் அடிக்கணும் என்றாலும், "கசிவு எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சர்வீஸ் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் மேலே வந்து நிற்பவர்களில் பலர் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். லோகோ முதற்கொண்டு அப்படியே போட்டிருப்பார்கள். வாரண்டியில் இருக்கும் ஏசியின் போர்டைக் கழற்றிக்கொண்டு போய், "ரிப்பேர் பண்ணித் தருகிறோம்" என்று காசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அப்படி வெளியாள் கை வைத்துவிட்டால், உண்மையான கம்பெனி அதையே சாக்காகச் சொல்லி வாரண்டியை மறுத்துவிடும். பெட்டியில் வரும் கையேட்டில் உள்ள எண்ணை ஒரு பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்.

இதுவரை சொன்னது ஆன்லைனுக்கும் கடைக்கும் பொது. ஆனால் உங்கள் வீட்டு விஷயத்தில் நான் ஊர்க் கடைப் பக்கம்தான் சாய்கிறேன். காரணம், மொட்டை மாடி.

ஏசியோடு பொதுவாகத் தருவது மூன்று மீட்டர் பைப், அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சில மாடலில் அதுவும் தனிக் காசு. கீழ்த்தள அறையிலிருந்து மாடியைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போக எட்டு, ஒன்பது மீட்டர் ஆகிவிடும். கூடுதலாக ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைப், அதன் மேல் சுற்றும் உறை, ஒயர் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கேட்பார்கள். நீங்கள் மிச்சம் பிடித்த 5,500 அங்கேயே போயிற்று. ஸ்டாண்டு, சுவரில் துளை போடுவது எல்லாம் தனி. அத்தோடு நிற்காது. அவுட்டோரில் நிரப்பி வரும் கேஸ் ஒரு குறிப்பிட்ட பைப் நீளத்துக்குத்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதலாக ஏற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அதைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். கேஸ் அடிக்காதே என்று மேலே சொன்னேனே, அதற்கு விலக்கு இது ஒன்று. புது ஏசிக்கு, நீளமான பைப்புக்கு, ஒரே ஒரு முறை.

கடையில் இதையெல்லாம் முன்கூட்டியே பேசலாம். "முதலில் ஆளை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பைப், ஸ்டாண்டு, கேஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள், ஆன்லைனில் இந்த விலை" என்று போனை நீட்டிக் காட்டுங்கள். வெளிப்படையாகப் பேசினால் பல கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள். ஆன்லைனில் அப்படி இல்லை. பெட்டியைப் பிரித்த பிறகு மெக்கானிக் வந்து ஒரு தொகை சொல்வார். மாமியார் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உங்களால் பேரம் பேச முடியாது. எங்கே வாங்கினாலும் பைப் போட்டதும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பில்லில் ஒன்பது, சுவரில் ஏழு என்பது சர்வசாதாரணம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று கடையில் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

சந்தில் ஓரளவு இடம் இருந்து, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக அனல் அடிக்காதபடி அவுட்டோரை உயரத்தில் மாட்ட முடிந்தால், மூன்று மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். அப்போது தாராளமாக ஆன்லைனில் வாங்குங்கள். பெட்டியை நீங்களாகப் பிரிக்காதீர்கள். மெக்கானிக் முன்னால் பிரித்து, அதை வீடியோவும் எடுத்துவிட்டால், நசுங்கல் இருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளில் எந்தக் காலத்துக்கான லேபிள் என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2022 ஜூலையில் மாற்றியபோது அதுவரை ஐந்து ஸ்டாராக இருந்த பல ஏசிகள் நான்குக்கு இறங்கின.

ஏதாவது தவறினால், விற்பவர் தளத்தைக் காட்டுவார், தளம் கம்பெனியைக் காட்டும், கம்பெனி ஏஜென்சியைக் காட்டும். இந்தச் சுற்றில் மாட்டாதீர்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எழுத்தில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அப்புறம் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

வாங்குவதை மாசிக்குள் முடித்துவிடுங்கள். அப்போதுதான் மெக்கானிக்குகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும், நீங்கள் சொல்வதையும் நின்று கேட்பார்கள்.