ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர்

கேள்வி: எங்கள் தெருமுனை டீக்கடையில் க்யூஆர் ஸ்டிக்கருக்கு மேல் யாரோ தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போக, ஒரு காலை வசூல் முழுவதும் போய்விட்டது. ஸ்கேன் செய்யும்போது போனுக்கு இது தெரியாதா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: தெரியாது. அந்தக் கட்டத்துக்குள் மந்திரம் எதுவும் இல்லை, பணம் போகவேண்டிய யுபிஐ ஐடி, ஒரு பெயர், அவ்வளவுதான். கவரில் விலாசத்தை மாற்றி எழுதினால் தபால்காரர் அந்த விலாசத்துக்குத்தானே போவார்! 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் க்யூஆரை உருவாக்கியது கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. கறை பட்டாலும் ஓரம் கிழிந்தாலும் படிக்க முடியவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். தொழிற்சாலைக்குள் வந்து யார் போலி ஒட்டப் போகிறார்கள்? தெருவுக்கு வந்த பிறகுதான் தலைவலி. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 29 பார்க்கிங் கட்டண இயந்திரங்களில் போலி ஸ்டிக்கர் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நகராட்சி தன் இயந்திரங்களில் க்யூஆர் வைக்கவே இல்லை.

பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் ஒரு பெயர் வரும், அதைப் படியுங்கள். கடைப் பெயர் ஒன்றாகவும் கணக்கு வீட்டுக்காரம்மா பெயரிலும் இருப்பது சகஜம், அதனால் "அண்ணே, செல்வின்னு வருது, சரியா?" என்று கேட்டுவிடுவது நல்லது. கடைக்காரருக்கு: காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் ஒரு தடவிப் பாருங்கள். பணம் போட்டதாகச் சொல்லியும் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை என்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

கேள்வி: வைஃபையை அணைக்காமல் கடைவீதியில் நடந்தால் என் போனை யாராவது அடையாளம் பிடிக்க முடியுமா?
(வாசகர், கரூர்)

பதில்: முன்பு சுலபமாக முடிந்தது. ஒவ்வொரு போனுக்கும் மேக் அட்ரஸ் என்று ஓர் எண் உண்டு, வைஃபை தேடும்போதெல்லாம் போன் அதை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது. 2013-இல் லண்டனில் தெருக் குப்பைத்தொட்டிகளே (ஆமாம், குப்பைத்தொட்டிதான்) அந்த எண்களைக் குறித்துவைத்தன, விஷயம் வெளியே வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8, வைஃபை தேடும்போது பொய் எண் கொடுக்க ஆரம்பித்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, இணையும்போதும் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு எண் கொடுத்தது. உங்கள் போன் செட்டிங்ஸில் இந்த எண் மாற்றும் வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மாலில் இலவச வைஃபைக்காக மொபைல் நம்பரைக் கொடுத்து ஓடிபி வாங்கிவிட்டால் போன் என்ன பொய் சொல்லியும் பயனில்லை, நீங்களே உண்மையைச் சொல்லிவிட்டீர்கள்!