கொத்தனாரிடம் காரணம் கேளுங்கள்

கேள்வி (கீழக்கரை): விட்ரிஃபைட் (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல்ஸை இரவு முழுவதும் ஊறவைத்து, இடைவெளி விடாமல் பதிப்பதுதான் தொழில்முறை என்கிறார் எங்கள் கொத்தனார். அனுபவசாலி என்பதால் எதிர்த்துக் கேட்கத் தயக்கமாக உள்ளது.

பதில்: தயங்காமல் கேளுங்கள். ஊறவைப்பது பொய்யான வழக்கம் அன்று. அது வேறு பொருளுக்கு உரியது. சுவரில் பதிக்கும் செராமிக் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேலும் நீரைக் குடிக்கும் என்பதால், உலர்ந்தபடியே வைத்தால் கலவையின் ஈரத்தை இழுத்து, சிமென்ட் இறுகுவதற்கு முன்பே காயவைத்துவிடும். விட்ரிஃபைட் டைல்ஸோ அரை சதவீதம்கூடக் குடிக்காது. ஊறவைத்தால் அதன் முதுகில் தங்கும் ஈரம் பிடிப்பைத்தான் கெடுக்கும். முதுகிலுள்ள பொடியைத் துடைத்துவிட்டு, ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் அச்சிட்ட டைல்ஸ் பசையைப் பல் வைத்த கரண்டியால் பரப்பு முழுவதும் இழுத்துப் பதிக்கச் சொல்லுங்கள்.

நான்கு மூலையிலும் நடுவிலும் சிமென்ட் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கத்தைக் கண்டால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. உருண்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் மேல் பீரோவின் கால் நின்றால் டைல்ஸ் விரிசல் விடும். பணம் வாங்கியவர் அப்போது ஊரில் இருக்கமாட்டார். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இடைவெளியும் குறைந்தது 2 மி.மீ. வேண்டும், வெயிலில் விரிய இடமில்லாத டைல்ஸ் ஒன்றையொன்று நெருக்கிக் கூரைபோல் எழும்பும். உங்கள் கிணற்று நீர் கரித்தால், கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்குங்கள். இல்லாவிட்டால் இணைப்புகளில் உப்புப் பூக்கும்.

கேள்வி (மண்டபம்): விலை குறையும் என்று பில் இல்லாமல் டைல்ஸ் வாங்கினோம். இன்னும் நான்கு பெட்டி குறைகிறது. இப்போது கடையில் தருவது நிறம் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பில்லும் இல்லாமல், உபரியும் வாங்காமல் வந்த உங்களுக்கு, கடைக்காரரைக் கெஞ்சுவதைத் தவிர வேறு வழியில்லை. மற்றவர்கள் 10 சதவீதம் கூடுதலாக வாங்கி, எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்கின் எண்) ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள். எனக்கு இரண்டு பேட்சைக் கலந்து அனுப்பினார்கள். காலை வெயில் விழும்போது சன்னலோர வரிசை மட்டும் இன்றும் வெளிறித் தெரிகிறது.

கேள்வி (தொண்டி): கடன் வாங்கிப் போட்ட தரை எட்டே மாதத்தில் எழும்பிவிட்டது. கடல் காற்றுதான் காரணம் என்று ஒப்பந்தக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: கடல் காற்று கம்பியைத் துருவாக்கும், டைல்ஸைத் தூக்காது. உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை அம்மா. எழும்பிய ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். முதுகு வழவழப்பாக, அங்கங்கே மட்டும் சிமென்ட் ஒட்டியிருந்தால், பரப்பு முழுவதும் ஒட்டாமல் பதித்ததற்கு அதுவே சாட்சி. படம் எடுத்து, சரிசெய்து தரும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதுவரை அந்த டைல்ஸை அவருடைய ஆட்கள் அள்ளிக்கொண்டு போக விட்டுவிடாதீர்கள்.