உட்கார்ந்தால் 93, தூங்கினால் 84: ஆக்சிஜன் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த், டர்பன்: அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). பகலில் விரல் மீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 93 சதவீதம் என்று காட்டுகிறது. ராத்திரி 84. ஏன்?

கனவு வரும் தூக்கத்தில் விலாத் தசைகள் தளர்ந்துவிடும். மூச்சு இழுக்க உதரவிதானம் மட்டும்தான் மிச்சம். சி.ஓ.பி.டி.யில் காற்று தேங்கி ஊதிய நுரையீரல் அதையும் தட்டையாக அழுத்தி வைத்திருக்கும். மூச்சு ஆழமில்லாமல் போகும், கரியமிலவாயு ஏறும், ஆக்சிஜன் இறங்கும். 90க்குக் கீழே போய்விட்டால் எண் சரசரவெனச் சரியும்.

ஒரு தடவை 84 பார்த்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விரலில் கருவி நழுவினாலும், கை சில்லிட்டாலும், நகச்சாயம் இருந்தாலும் குறைத்துக் காட்டும். கருத்த தோலில் நேர்மாறு: உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். நம் ஆட்கள் இதை மறக்கக்கூடாது. ராத்திரி முழுக்கப் பதிவாகும் கருவியைக் கேளுங்கள். 90க்குக் கீழே மொத்தம் எவ்வளவு நேரம் என்பதே கணக்கு.

பலத்த குறட்டை, காலையில் தலைவலி உண்டா? அப்படியானால் தூக்கத்தில் மூச்சுத்தடையும் கரியமிலவாயுத் தேக்கமும் இருக்கலாம். ரத்த வாயுப் பரிசோதனை பார்க்காமல் ஆக்சிஜனை மட்டும் கூட்டினால் தேக்கம் மோசமாகும். இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92, 98 அல்ல.

லெனேஷியா, ஜோகன்னஸ்பர்க்: ஆயா டர்பனிலிருந்து வந்ததும் 93 என்பது 88 ஆகிவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர்மேல் பழி வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் எழுதிக்கொடுத்த ஆக்சிஜன் அளவு இங்கே பற்றாமல் போகலாம். வருவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும், இப்போதாவது சொல்லுங்கள். ஆக்சிஜன் மெஷினின் குமிழை நீங்களே திருகாதீர்கள்.

பீனிக்ஸ்: பைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறித் தடிக்கும் நோய்). நாலு எட்டு நடந்தால் 85.

ஓய்வில் ரத்தம் காற்றுப்பையைக் கடக்க முக்கால் விநாடி எடுக்கும். வேகமாக நடந்தால் கால் விநாடியே. சுவர் தடித்திருந்தால் அந்த நேரம் போதாது. ஆறு நிமிட நடைப் பரிசோதனையை ஆக்சிஜன் இல்லாமலும் வைத்தும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். விரலுக்குச் செய்தி தாமதமாக வரும். நின்ற பிறகும் அரை நிமிடம் எண்ணைக் கவனியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: ஆக்சிஜன் மெஷினுக்குக் கரண்ட் போனால்? சாமி விளக்கு ஏற்றலாமா?

680 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம், 5 மணி 40 நிமிடம் வரும். 5 மணி என்றே வையுங்கள். விளக்கும் கற்பூரமும் 3 மீட்டர் தள்ளி. சாம்பிராணி வேண்டவே வேண்டாம். மூக்கு வறண்டால் வாசலின் தடவாதீர்கள், தண்ணீர் கலந்த ஜெல் போதும்.