சிங்கப்பூர் போக மூன்று லட்சம் போதுமா?

கேள்வி: மே விடுமுறையில் நான், மனைவி, 9 வயது மகள், 66 வயது அம்மா நால்வரும் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து நாள் போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். மூன்று லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். போதுமா? பணத்தை எப்படி எடுத்துப் போவது?

பதில்: போதும். ஆனால் மூன்று லட்சத்தையும் ஒரே கணக்காகப் பார்க்காதீர்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ரூபாய்: கிளம்பும் முன்பே கட்டி முடிப்பவை. வலப்பக்கம் வெள்ளி: அங்கே இறங்கிய பிறகு செலவாகிறவை. டாலரைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இடப்பக்கத்தை 1,80,000 ரூபாய்க்குள் நிறுத்தப் பாருங்கள். டிக்கெட், ரூம், விசா, இன்சூரன்ஸ் இதில் அடங்கும். குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் பெட்டிக்குத் தனிக் காசு. டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் போய்க் கட்டினால் பல மடங்கு ஆகும். விசாவுக்குத் தலைக்கு 30 வெள்ளி, அதற்கு மேல் ஏஜென்ட் கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் அந்த 30 வெள்ளி திரும்பாது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை (SG Arrival Card) இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளம் எதையும் நம்பாதீர்கள்.

அம்மாவின் இன்சூரன்ஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து எடுத்த பாலிசி ஆபத்து நேரத்தில் கைகொடுக்காது. அங்கே ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தாலே உங்கள் மொத்த பட்ஜெட்டும் ஆட்டம் கண்டுவிடும்.

இனி வலப்பக்கம். பட்ஜெட் கிழிவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு வெள்ளியை 75 ரூபாய் என்று கொஞ்சம் கூட்டியே வைத்துக் கணக்குப் போடுங்கள். நால்வருக்கும் சாப்பாடு, ரயில், பஸ், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து நாளுக்கு 130 வெள்ளி. ஐந்து நாளுக்கு 650, அதாவது சுமார் 49,000 ரூபாய்.

இந்த 130 எங்கே உடையும் தெரியுமா? ஹோட்டல் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். 20 வெள்ளி சாப்பாட்டுக்கு முதலில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 22 ஆகும். அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி, 23.98 ஆகிவிடும். நால்வர் சாப்பிட்டால் 16 வெள்ளி கூடுதல், நம் கணக்கில் 1,200 ரூபாய்! அதனால் ஒரு வேளையாவது தேக்கா போன்ற உணவங்காடியில் சாப்பிடுங்கள். தோசை முதல் பிரியாணி வரை கிடைக்கும், கூட்டல் குறி கிடையாது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், ஆளுக்கொரு பாட்டில் கொண்டுபோங்கள்.

காசு கொடுத்துப் பார்க்கும் பெரிய இடம் ஒன்று போதும் என்பது என் கருத்து. யுனிவர்சல் ஸ்டுடியோஸில் பெரியவர் ஒருவருக்கே 80 வெள்ளிக்கு மேல். அன்று மகளோடு நீங்கள் ஒருவர் மட்டும் போய், அம்மாவை வெயிலில் அலைக்கழிக்காமல் விடலாம். மெர்லயன் சிலை, தாவரவியல் பூங்கா, கார்டன்ஸ் பை தி பேயில் இரவு நடக்கும் ஒளிக்காட்சி எல்லாமே இலவசம்.

சரி, பணம். வலப்பக்கப் பணத்தில் 300 வெள்ளியை ரொக்கமாக, மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (முன்கூட்டியே வெள்ளியை ஏற்றிவைக்கும் கார்டு) வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை ஊரிலேயே மாற்றுங்கள், இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து. விமான நிலையக் கவுன்டரில் ரேட் பொதுவாக மோசம். உங்கள் கிரெடிட் கார்டு அவசரத்துக்கு மட்டும், ஏனென்றால் பெரும்பாலான கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. அந்தக் கார்டில் வெளிநாட்டு உபயோகத்தை வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டியிருக்கும், கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடையில் அந்தக் கார்டைக் கொடுத்தால் மெஷின் திரையில் ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று கேட்கலாம். தெரிந்த ரூபாயாயிற்றே என்று விரல் தானாக அங்கே போகும். டாலரையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த ரேட்டில் பணம் போகும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் மெஷினைக் கையில் வாங்கி, நீங்களே படித்துப் பார்த்து அழுத்துங்கள்.