2022 ஏப்ரலில் மகாராஷ்டிர வானில் எரிந்துகொண்டே போனது எரிகல்லா?

2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பலர் படம்பிடித்த அந்தத் தீப்பந்து எரிகல்லா, வேறு ஏதாவதா என்று கேட்டிருக்கிறீர்கள். எரிகல் இல்லை. அது சீனாவின் லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் கட்டம், அதாவது ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும் அடுக்குகளில் மூன்றாவது. 2021 பிப்ரவரியில் ஏவப்பட்டு, வேலை முடிந்தபின் வெறும் கூடாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. விண்வெளிப் பொருள்களின் பாதைகளைக் கவனித்துவரும் வானியலாளர் ஜோனதன் மெக்டவல் அப்போதே இதைச் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லாவிட்டாலும் அந்த வீடியோக்களே காட்டிக்கொடுக்கும். எரிகற்கள் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. பெரும்பாலானவை பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவதற்குள் மறைந்துவிடும். இங்கேயோ மக்கள் போனை எடுத்து, கேமராவைத் திறந்து, நிதானமாகப் படம்பிடித்திருக்கிறார்கள். சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் பொருளின் வேகம் வினாடிக்கு 8 கிலோமீட்டருக்குள்தான். அதுவும் செங்குத்தாக விழாமல், தரைக்கு ஏறக்குறைய இணையாகச் சரிந்து வரும். அதனால்தான் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அவ்வளவு நேரம் தெரிந்தது. உடைந்த துண்டுகளில் லேசானவற்றைக் காற்று சீக்கிரம் தடுத்துவிடும், கனமானவை முன்னால் போகும். வீடியோக்களில் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகத் தெரிந்ததன் காரணம் இதுதான்.

உராய்வால்தான் எரிகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் பெரும்பகுதி வெப்பம், முன்னால் இருக்கும் காற்று விலக நேரமில்லாமல் நசுங்குவதால் வருகிறது. அந்தச் சூட்டையும் தாங்கிச் சில பாகங்கள் தரைக்கு வந்தன. சந்திரபூர் மாவட்டம் லாட்போரி கிராமத்தில் சுமார் 3 மீட்டர் குறுக்களவுள்ள உலோக வளையம் ஒன்று விழுந்தது. அந்த வட்டாரத்தில் உலோக உருண்டைகளும் கிடைத்தன. ராக்கெட்டுகளில் அழுத்தமேற்றிய வாயுவை அடைத்துவைக்க இப்படிப்பட்ட கலன்கள் உண்டு.

அன்று மராத்தியப் புத்தாண்டான குடி பட்வா பண்டிகை வேறு. அந்த வளையம் ஒரு வீட்டுக் கூரைமேல் விழுந்திருந்தால்? இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மிச்ச எரிபொருளை வைத்து, காலியான கட்டத்தை ஆளில்லாக் கடலில் இறக்க முடியும். பல ராக்கெட்டுகளில் செய்கிறார்கள். தரையில் சேதம் நேர்ந்தால் ஏவிய நாடுதான் பொறுப்பு என்று 1972ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தமும் இருக்கிறது. 1978இல் அணு உலையோடு கனடாவில் விழுந்த காஸ்மோஸ் 954 செயற்கைக்கோளுக்காகச் சோவியத் ஒன்றியம் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. ஆனால் இழப்பீடெல்லாம் விழுந்த பிறகுதானே?

சரி, அடுத்த முறை நீங்கள் இப்படி ஒன்றைப் பார்த்தால் மனதுக்குள் வினாடிகளை எண்ணுங்கள். எந்தத் திசையில் தோன்றி எங்கே மறைந்தது, துண்டுகளாக உடைந்ததா என்பதைக் குறித்துவைத்து, சர்வதேச எரிகல் அமைப்பின் தளத்தில் பதிவு செய்யுங்கள். யார் வேண்டுமானாலும் அங்கே பதியலாம். ஏதாவது உலோகத் துண்டு கிடந்தால் மட்டும் தொடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கக்கூடிய ராக்கெட் எரிபொருள்களில் சில கடும் நஞ்சு. காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.