மசூரியும் பெரியப்பாவும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் பெரியப்பா காலமானார். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம், மாட்டுக்கொட்டகையும் கீரைத்தோட்டமுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவர். விடியற்காலை வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாராம். செர்டாங்கில் விவசாயம் படித்து, 1972-இல் அரசு நெல் ஆராய்ச்சியில் சேர்ந்தார். ஓய்வுபெறும் வரை அதே வேலைதான். என் அப்பா இறந்தபின் எங்கள் மூவரையும் வளர்த்தது அவரே. அதற்காகவே வெளிநாட்டு மேற்படிப்பை விட்டுக்கொடுத்தார் என்பார் அம்மா. சனிக்கிழமைகளில் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவார். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பந்தலில் சோற்றுப் பொறுப்பு அவருடையது.

கருமாதியன்று எல்லோரும் ‘மசூரி அரிசியைக் கண்டுபிடித்தவர்’ என்றே பேசினார்கள். ‘மசூரியின் தந்தை’ என்று ஒரு சிறு நூல் போட நினைக்கிறேன். நீங்கள் முன்னுரை தர வேண்டும். அவருடைய நோட்டுகள் பதினேழு என்னிடம் உள்ளன. எல்லாம் எண்கள், ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே ‘மழை. பூக்கவில்லை’ என்பதுபோல ஒரு வரி தமிழில் வரும்.

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைப்பு வேண்டாம். மசூரி வெளியானது 1965-இல். பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தது 1972 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கருமாதி வீட்டில் யாரும் ஆண்டுக்கணக்கு பார்ப்பதில்லை, அது தப்பும் இல்லை. அச்சில் ஏறினால் கதை வேறு. விஷயம் தெரிந்த ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்து நூலை மூடிவிடுவார். பெரியப்பாவே பார்த்திருந்தாலும் சிவப்பு மையில் அடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மசூரிக்கு அப்பன் யார் என்று கேட்டால் ஒரு வரிசையே நிற்கும். தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் நாட்டு நெல்லான மாயாங் ஏபோஸ் 80, இரண்டும் அதன் முன்னோர். ஜப்பான் வகை நெல்லையும் வெப்பநாட்டு நெல்லையும் ஒட்டுச் சேர்க்க, அதாவது ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்த்துப் புது வகை உண்டாக்க, உலக உணவு வேளாண் அமைப்பு 1950-களில் ஒரு திட்டம் வைத்திருந்தது. அந்த வேலை ஒடிசாவில் கட்டாக் நகரில் நடந்தது. அந்த வழியில் வந்த விதையை நம் செபராங் பிறையில், புக்கிட் மேரா நிலையத்தில் விதைத்து, ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தில் வந்த ஜப்பானியர்களும் உள்ளூர்ப் பணியாளர்களும் பல தலைமுறை பொறுக்கியெடுத்தார்கள். லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் மசூரி என்ற பெண்ணின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

அது இந்தியாவுக்கும் போனது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி அதே தைச்சுங், மாயாங் ஏபோஸ் வழி வந்ததுதான். தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் சம்பா மசூரிக்கும் மசூரி ஒரு பெற்றோர். நான் ஒரு காலத்தில் பொன்னி என்ற பெயரைப் பார்த்ததும் காவிரி, சோழநாடு என்று உருகி ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். ஒரு வாசகர் நான்கே வரியில் திருத்தினார். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் காசு கூடக் கொடுத்து ‘ஊர் அரிசி’ என்று தூக்கிவருகிறோமே, அதன் வேரில் பாதி கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

சரி, அப்படியானால் பெரியப்பா என்னதான் செய்தார்? அதற்கு அந்த ‘மழை. பூக்கவில்லை’ போதும்.

நெல்லை ஒட்டுச் சேர்ப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நெல்மணி அளவுதான் ஒரு பூ. முதல்நாள் மாலையே, தாயாக வைத்துக்கொண்ட கதிரில் ஒவ்வொரு பூவாக உமியின் நுனியைச் சின்னக் கத்தரியால் வெட்டுகிறார்கள். உள்ளே ஆறு மகரந்தப்பைகள். ஆறையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். நடுவில் இறகுபோல இருக்கும் சூல்முடி நசுங்கக்கூடாது. அப்புறம் கதிருக்குக் காகித உறை. மறுநாள் வெயில் ஏறி, தந்தைக் கதிர் பூக்கும் நேரம் பார்த்து அதைக் கொண்டுவந்து மேலே உதறுகிறார்கள். பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அன்று மழை கொட்டினால் முதல்நாள் குனிந்து செய்ததெல்லாம் வீண். எல்லாம் கூடிவந்தாலும் ஒரு பூவுக்கு ஒரே ஒரு விதை. அந்த விதையின் சந்ததியில் ஆயிரக்கணக்கான செடிகளைப் பார்த்து, பெரும்பாலானதைப் பிடுங்கிப்போட்டு, சாய்வதையும் நோய் பிடிப்பதையும் கழித்து, ஆறேழு தலைமுறைக்குப் பிறகுதான் குணம் நிலைக்கும். அதன்பிறகும் பெரும்பாலான ஒட்டுகள் வயலுக்கு வருவதில்லை. மசூரியே உயரமான பயிர், காற்றடித்தால் படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட குறைகளோடுதான் அடுத்து வந்தவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெரியப்பாவின் ஆண்டுகள் அதில் போயிருக்கும்.

நோட்டுகளைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு பெயர், சாய்கோடு, இன்னொரு பெயர் என்றிருந்தால் முதலில் இருப்பது தாய், அடுத்தது தந்தை. கீழே வரும் எண்கள் பெரும்பாலும் பூக்க எடுத்த நாள், செடியின் உயரம், தூர்களின் எண்ணிக்கையாக இருக்கும். ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவரைப் பிடித்து ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சைப் பதிவு செய்தாலே உங்கள் நூலில் பாதி முடிந்தது.

மேற்படிப்பை விட்டதைத் ‘தியாகம்’ என்று எழுதப்போகிறீர்கள் என்று தெரிகிறது. அவர் ஒருநாளாவது அதைச் சொல்லிக்காட்டினாரா? இல்லையென்றால் அவர் சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்? மூன்று பிள்ளைகளுக்கும் யார் பள்ளிச்சீருடை தைத்தது, பள்ளிக்கட்டணத்துக்கு எங்கே கைமாற்று வாங்கினார், பூக்கும் பருவத்தில் அவர் வீட்டில் இல்லாதபோது உங்களை யார் பார்த்துக்கொண்டது என்று எழுதுங்கள். பந்தல் சோற்றையும் விடாதீர்கள். நெல்லோடு வாழ்ந்த மனிதர் அண்டாவில் தண்ணீரை எப்படி அளந்தார்? கையை விட்டா, கண்ணாலேயா? அங்கே கூட நின்றவர்கள் இன்னும் இருப்பார்கள்.

தலைப்பு மாறினால் முன்னுரை எழுதுகிறேன். நோட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். பட்டர்வொர்த் ஈரத்துக்கும் கரையானுக்கும் ஒரு மழைக்காலம் போதும். இந்த வாரமே பதினேழையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.